நாலு மணி நங்கூரம்

"அயோனியன் கடலா? அது குளம் மாதிரி, கற்றுக்குட்டிகூட ஓட்டலாம்." மத்தியதரைக் கடலில் நண்பர்களோடு பாய்ப்படகு வாடகைக்கு எடுக்கப் போகிறோம் என்று யார் சொன்னாலும் அடுத்த நிமிடம் காதில் விழுவது இதுதான். இதில் பொய் இல்லை, அதுதான் சங்கடம். மேற்குக் கிரீஸில் லெஃப்கதா, மெகானிசி, இதாகா, கெஃபலோனியா தீவுகளுக்கு நடுவே ஒரு தீவிலிருந்து அடுத்தது கண்ணுக்குத் தெரிகிறது. ஏற்ற இறக்கம் என்று சொல்லும்படி ஓதம் கிடையாது. பெரிய அலை எழுவதற்குத் திறந்த கடலும் இல்லை. எல்லாம் சரி. ஆனால் அந்த வாக்கியம் கடலைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. படகின் பின்புறம் உடைவதும், விரல் நசுங்குவதும், இருபது வருடச் சிநேகிதர்கள் ஒரே உணவகத்தில் வேறு வேறு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதும் கடலில் நடப்பதில்லை. கரையிலிருந்து ஐம்பது மீட்டருக்குள், பிற்பகல் நாலு மணி வாக்கில் நடக்கின்றன.

ஏன் நாலு மணி? காலை ஒன்பதுக்கு அந்தக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். வெயில் ஏற ஏற கிரேக்கப் பெருநிலம் சூடாகிறது, அங்கே அழுத்தம் குறைகிறது, கடல் பக்கத்திலிருந்து வடமேற்குக் காற்று இறங்குகிறது. உள்ளூரில் அதற்கு மைஸ்த்ரோ என்று பெயர். கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று திசைக்கொரு பெயர் வைத்திருக்கும் நமக்குக் காற்றுக்குப் பெயர் இருப்பது புதிதல்ல. இது கடிகாரம் பார்த்து வருவதுதான் புதிது. நண்பகலுக்குச் சற்றுப் பிறகு தொடங்கும், மூன்று மணிக்கு 12, 15 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர்), நாலு நாலரைக்கு 18, 20 நாட், சூரியன் விழுந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். மதியம் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு இரவுத் துறை பிடிக்க எல்லாப் படகும் வந்து சேரும் நேரமும் அதே நாலு நாலரைதான். நாளிலேயே நுணுக்கமான வேலையை, நாளிலேயே வலுத்த காற்றில், ஆறு மணி நேர வெயிலும் இரண்டு பியரும் உள்ளே போன உடம்போடு செய்கிறார்கள். கிரீஸின் கிழக்கே ஏஜியன் கடலில் அடிக்கும் மெல்டெமி என்ற காற்று இதைவிட முரடு, நாள்கணக்கில் ஓயாமல் அடிக்கும். ஆனால் அங்கே போகிறவர்கள் பயந்துகொண்டு போகிறார்கள், அதனால் தயாராகவும் போகிறார்கள். குளத்துக்குப் போகிறவர்கள்தான் எதற்கும் தயாராவதில்லை.

ஒரு நாளைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். லெஃப்கதாவின் தெற்கில் சிவோட்டா. அங்கிருந்து தென்கிழக்கே அட்டோகோஸ் என்ற ஆளில்லாத் தீவு, சுமார் 10 கடல் மைல். காற்றில்லாத காலையில் எஞ்சினில் இரண்டு மணி நேரம். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளுக்குக் கீழே ஒரே ஒரு வீடு நிற்கும் விரிகுடா, கரையில் சாப்பாட்டுக்கு அலையும் பன்றிகள். அங்கே மதியக் குளியல். பிறகு மேற்கே 6 கடல் மைலுக்குச் சற்று மேல் போனால் இதாகாவின் கியோனி, நுழைவாயிலின் தெற்கு முனையில் சிதைந்த மூன்று காற்றாலைகள் அடையாளம். வடமேற்குக் காற்றில் மேற்கு நோக்கி ஓடுவதால் பாயை நன்றாக இழுத்துக் கட்டி, படகு சாய்ந்து, ஒன்றேகால் மணி நேரம் போகலாம். சிவோட்டாவில் ஒன்பதுக்குக் கிளம்பினால் பதினொன்றுக்கு அட்டோகோஸ், ஒரு மணிக்கு அங்கிருந்து புறப்பாடு, இரண்டரைக்குள் கியோனி. இந்தக் கணக்கில் உயிர்நாடி ஒரு மணிப் புறப்பாடுதான். இன்னொரு முறை தண்ணீரில் குதிக்கலாம் என்று அதை மூன்று மணிக்குத் தள்ளினால், கியோனியின் சின்னத் துறையில் இடம் இருக்காது, மலைச்சரிவிலிருந்து காற்று குத்துக் குத்தாக இறங்கிக்கொண்டிருக்கும், ஏற்கெனவே கட்டியிருக்கும் படகுகளிலிருந்து நாற்பது ஜோடிக் கண்கள் கையில் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருக்கும். கெஃபலோனியாவின் ஃபிஸ்கார்தோ இன்னும் மோசம். 1953 ஆகஸ்ட் நிலநடுக்கம் அந்தத் தீவின் ஊர்களைத் தரைமட்டமாக்கியபோது பழைய வெனீசிய வீடுகளோடு தப்பி நின்றது வடமுனையில் இருக்கும் அந்த ஊர். அழகு மிஞ்சிய இடத்தில் கூட்டம் கூடத்தானே செய்யும். கோடையில் மதியமே அங்கே துறை நிறைந்துவிடும்.

இடையில் வருகிற பாய் ஓட்டத்தைப் பற்றி நீட்டி எழுத ஆசை இல்லை, அது தானாகவே நன்றாக நடக்கும். இரண்டு விஷயம் மட்டும். வாடகைப் படகுகளில் பல, பெரிய பாயைப் பாய்மரத்துக்குள்ளேயே சுருட்டி வைக்கிற ரகம். வெளியே இழுக்கும்போது சுருட்டுக் கயிற்றைத் தளரவிட்டு, உள்ளே சுருட்டும்போது பின்னோக்கி இழுக்கும் கயிற்றைத் தளரவிட்டால், பாய் உள்ளே மடிப்பு விழுந்து பிளவுக்குள் கட்டையாக நின்றுவிடும். இரண்டு தடவையும் எதிர்க்கயிற்றில் கொஞ்சம் இறுக்கம் இருக்கட்டும். சிக்கினால் வின்ச்சில் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) போட்டு இழுக்காதீர்கள், கிழியும். மறுபடி கொஞ்சம் வெளியே எடுத்து மறுபடி சுருட்டுங்கள். இரண்டாவது, 15 நாட் தாண்டும்போதே பாயைக் குறைத்துவிடுவது. குறைக்கலாமா என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்கும்போது ஏற்கெனவே பத்து நிமிடம் தாமதமாகியிருக்கும்.

இரண்டாவது கையெழுத்து

கிரீஸில் மாலுமி இல்லாமல் படகை வாடகைக்கு எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவரிடம் உரிமம் இருக்க வேண்டும், இன்னொருவர் தனக்குப் படகு ஓட்டத் தெரியும் என்று கையெழுத்துப் போட வேண்டும். நண்பர் குழுக்களில் அந்த இரண்டாவது கையெழுத்து பெரும்பாலும் பேனா யார் பக்கத்தில் கிடந்ததோ அவருடையது. எட்டுப் பேர் படகில் ஒருவருக்கு எல்லாம் தெரியும், ஏழு பேருக்கு எதுவும் தெரியாது. ஏழு பேரும் நல்ல மனசுக்காரர்கள், உதவத் துடிப்பவர்கள். துறைக்குள் நுழையும்போது அதைப் போல ஆபத்து வேறில்லை.

இதாகாவின் பழைய கதையிலேயே இது இருக்கிறது. மேற்குக் காற்றைத் தவிர மற்றக் காற்றுகளை எல்லாம் ஒரு தோல்பையில் கட்டி இதாகாவின் அரசன் ஒடிசியஸிடம் கொடுத்து அனுப்புகிறான் காற்றுகளின் காவலன் ஏயோலஸ். ஒன்பது நாள் யாரிடமும் கொடுக்காமல் ஒடிசியஸே பாய்க்கயிற்றைப் பிடித்து ஓட்டுகிறான். பத்தாம் நாள் ஊர் கண்ணுக்குத் தெரிகிறது, கரையில் மூட்டிய நெருப்புகூடத் தெரிகிறது. அசதியில் தூங்கிவிடுகிறான். பையில் பொன் இருக்கிறது, நமக்குப் பங்கு தராமல் ஒளிக்கிறான் என்று நண்பர்கள் அவிழ்த்துவிடுகிறார்கள், படகு கிளம்பின இடத்துக்கே திரும்பப் போகிறது. கதை கேட்பவர்கள் நண்பர்களின் பேராசையைத் திட்டுவார்கள். எனக்கு ஒடிசியஸ் மேல்தான் கோபம். பையில் இருப்பது என்ன என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு நாளாவது கயிற்றை இன்னொருவர் கையில் கொடுத்திருக்கலாம்.

சொல்ல வேண்டிய நேரம் காலைச் சாப்பாடு. காபி கையில் இருக்கும்போது பத்து நிமிடம். முதலில் வீட்டு விஷயங்கள். கழிவறைக்குள் காகிதம் போடக் கூடாது, குழாய் கையளவுகூட இல்லை, அடைத்தால் கழற்றப் போவது நாமேதான். தண்ணீர்த் தொட்டி 400 லிட்டர் என்றால் எட்டுப் பேர் இரண்டு தடவை தாராளமாகக் குளித்தால் தீர்ந்தது. அடுப்பு அணைத்ததும் சிலிண்டர் வால்வையும் மூட வேண்டும். குளிக்கக் குதிப்பதற்கு முன் ஏணி தண்ணீரில் இறங்கியிருக்க வேண்டும், எஞ்சின் நின்றிருக்க வேண்டும், ஒருவர் மேலேயே இருக்க வேண்டும். ஏணி இல்லாமல் எல்லோரும் குதித்துவிட்டால் அந்த வழுக்குச் சுவரில் ஏற முடியாது. வானொலியில் ஆபத்துக்கு அழைக்கும் 16ஆம் அலைவரிசை எங்கே, சிவப்புப் பொத்தான் எதற்கு என்பதை இரண்டு பேராவது தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். எஞ்சினைக் கிளப்பியதும் பின்னால் குழாயிலிருந்து தண்ணீர் துப்புகிறதா என்று பார்ப்பது ஒருவர் பொறுப்பு. துப்பவில்லையென்றால் குளிர்விக்கும் கடல்நீர் வரவில்லை, வடிகட்டியில் கடற்புல்லோ பிளாஸ்டிக்கோ அடைத்திருக்கிறது, உடனே நிறுத்த வேண்டும்.

அதற்குப் பிறகுதான் நாலு மணி வேலைக்கு ஆள் பிரிப்பது. சுக்கானில் ஒருவர். அணியத்தில் ஒருவர், நங்கூரத்துக்கு. படகின் முன்முனையை நம் கடற்கரையில் அணியம் என்பார்கள், பின்முனையை அமரம். அந்த இரண்டு சொற்களையே இங்கும் வைத்துக்கொள்கிறேன். அமரத்தில் இரண்டு பேர், ஆளுக்கொரு கயிறு. ஒருவர் கையில் தனி ஃபெண்டர் (படகு உரசாமல் காக்கும் காற்றடைத்த மெத்தை), எங்கே இடைவெளி குறைகிறதோ அங்கே கொண்டுபோய்த் தொங்கவிட. மீதி மூன்று பேர் உட்கார்ந்திருக்க வேண்டும். இதைச் சொல்வதுதான் கஷ்டம். உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலை, சுக்கான் பிடிப்பவருக்குப் பின்பக்கம் தெரிய வேண்டும். கைச்சைகையும் அப்போதே பேசி வைக்க வேண்டும், ஏனென்றால் அணியத்துக்கும் சுக்கானுக்கும் நடுவே பத்து மீட்டர் இருக்கிறது. காற்றிலும் சங்கிலிச் சத்தத்திலும் "போதும்டா" என்பது "போடுடா" என்றுதான் கேட்கும். விரல் கீழே என்றால் இறக்கு, விரல் மேலே என்றால் ஏற்று, மூடிய முஷ்டி என்றால் நிறுத்து.

முதுகைக் காட்டிப் போவது

வடகடல் துறைகளில் படகைப் பக்கவாட்டில் கட்டுவார்கள். மத்தியதரைக் கடலில் அமரத்தைக் கரைக்குக் காட்டி, பின்னோக்கி நுழைந்து கட்டுகிறார்கள். துறைச்சுவர் குறைவு, படகு அதிகம். பக்கவாட்டில் ஒரு 12 மீட்டர்ப் படகு பிடிக்கும் இடத்தில் முதுகைக் காட்டினால் மூன்று நிற்கும். ஓதம் இல்லாததால் கயிற்றை மணிக்கு ஒரு தரம் தளர்த்தி இறுக்கவும் தேவையில்லை. பின்னால் இரண்டு கயிறு சுவரில், முன்னால் நங்கூரம் கடலடியில், நடுவே படகு. மரினா என்று சொல்லும் பெரிய படகுத்துறைகளில் நங்கூரத்துக்குப் பதிலாகக் கடலடியில் நிரந்தரமாகக் கட்டிய கயிறு சுவரோரம் காத்திருக்கும். அதை எடுத்து அணியத்தில் கட்டினால் முடிந்தது, கையுறை போட்டுக்கொண்டு, அந்தக் கயிறு தளர்ந்து கிடக்கும்போது தண்ணீருக்கடியில் படகைத் தள்ளும் எஞ்சின் விசிறியைச் சுழற்றாமல் இருந்தால் போதும். தீவுத் துறைகளில் அந்தச் சொகுசு இல்லை.

கணக்கிலிருந்து தொடங்குவோம், தப்பு நடப்பது பெரும்பாலும் அங்கேதான். படகு 12 மீட்டர், தண்ணீர் 6 மீட்டர் ஆழம், நங்கூரம் இறங்கும் உருளை தண்ணீருக்கு மேல் ஒரு மீட்டர். ஆக உயரம் 7. சங்கிலி குறைந்தது அதைப் போல ஐந்து மடங்கு, 35 மீட்டர். சங்கிலி நீளமாகக் கிடந்தால்தான் இழுப்பு கடலடியோடு படுக்கைவாட்டில் வரும், நங்கூரம் மண்ணுக்குள் போகும். குட்டையாக இருந்தால் இழுப்பு மேல்நோக்கி வரும், பிடுங்கிக்கொள்ளும். சரி, 35 மீட்டர் சங்கிலிக்கு நங்கூரத்தைச் சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் போடுவது? படகின் நீளத்தையும் சுவருக்கு விடும் இடைவெளியையும் கூட்டுங்கள்: 35, 12, ஒன்றரை. சுமார் 48 மீட்டர், படகின் நீளத்தைப் போல நாலு. கண்ணால் பார்க்கும்போது இது நம்ப முடியாத தூரமாகத் தெரியும், அதனால்தான் பெரும்பாலோர் இரண்டு படகு நீளத்திலேயே போட்டுவிடுகிறார்கள். அப்போது வெளியே இருப்பது பத்துப் பதினொரு மீட்டர் சங்கிலி, நங்கூரம் ஒரு அலங்காரம். எதிர்த்தப்பும் உண்டு. பயந்துபோய் 70 மீட்டரில் போடுகிறார்கள், படகில் இருப்பதே 50 மீட்டர்ச் சங்கிலி, சுவருக்கு எட்டு மீட்டர் இருக்கும்போதே சங்கிலி தீர்ந்து படகு அந்தரத்தில் நிற்கும். சங்கிலியில் எத்தனை மீட்டருக்கு என்ன நிறம் பூசியிருக்கிறார்கள், மொத்தம் எவ்வளவு என்பதைப் படகை ஒப்படைக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

துறைக்கு வெளியே பாயைச் சுருட்டியாயிற்று. நேராக நுழையாமல் ஒரு சுற்று மெதுவாகப் போய்ப் பாருங்கள். எங்கே இடம், ஆழம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கத்திலிருந்து, பக்கத்துப் படகுகளின் சங்கிலி எந்தத் திசையில் போகிறது. கடலடி வெளிறித் தெரிந்தால் மணல். கறுத்துத் தெரிந்தால் பொசிடோனியா என்ற கடற்புல், நங்கூரம் அதன் மேல் வழுக்கிக்கொண்டு வரும். பிடித்தாலும் போடக் கூடாத இடம் அது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே பரவும் புல்வெளி, ஒரு நங்கூரம் உழுதுவிட்டால் மீள வருடக்கணக்காகும். பலேயரிக் தீவுகளில் அதன் மேல் நங்கூரமிட 2018 முதல் சட்டமே தடை செய்கிறது.

இதற்குள் ஃபெண்டர்கள் இரண்டு பக்கமும் தொங்க வேண்டும், அமரத்தில் உருண்டை ஒன்று. பின்கயிறுகள் கிளீட்டில் (தளத்தில் கயிறு கட்டும் கொம்பு) கட்டி, கம்பிவேலிக்கு வெளியே சுற்றி, மறுபடி மேல்வழியாகக் கைக்கு வந்திருக்க வேண்டும். வேலிக்கு உள்ளேயே வைத்து வீசினால் இழுக்கும்போது கம்பியையே வளைக்கும். தினமும் யாராவது ஒருவர் செய்யும் தப்பு இது. நங்கூரத்தின் பாதுகாப்பு ஆணியைக் கழற்றி, ஒரு மீட்டர் கீழே இறக்கித் தொங்கவிட்டுப் பாருங்கள். சங்கிலியை ஏற்றி இறக்கும் மின்சுழலி வேலை செய்கிறதா என்பது இப்போதே தெரிய வேண்டும், சுவருக்கு 40 மீட்டரில் தெரியக் கூடாது. வேலை செய்யவில்லையென்றால் பெரும்பாலும் மின்தடுப்பான் விழுந்திருக்கும். அது எந்த அறையில் எந்தக் கட்டிலுக்குக் கீழே என்பதை இரண்டாவது கையெழுத்துக்காரர் தெரிந்து வைத்திருக்கட்டும். எஞ்சின் ஓடாமல் சுழலியை இயக்கினால் பேட்டரி அழும்.

பின்னோக்கி ஓட்டுவதில் ஒரு முரண்பாடு ஒளிந்திருக்கிறது. படகு சுக்கானுக்குக் கட்டுப்பட வேண்டுமானால் 2 நாட் வேகமாவது வேண்டும், அதற்குக் கீழே காற்று அணியத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடும். விசிறியும் தன் பங்குக்குத் தள்ளும். வலஞ்சுழி விசிறி பின்னோக்கிச் சுழலும்போது அமரத்தை இடப்பக்கம் உதைக்கும், வேகம் கூடினால்தான் அந்த உதை அடங்கும். 2 நாட் என்றால் நிமிடத்துக்கு 60 மீட்டர். மின்சுழலி சங்கிலியை இறக்கும் வேகமோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 25, 30 மீட்டர். பொத்தானை அழுத்திக்கொண்டே 2 நாட்டில் பின்னால் போனால் சங்கிலி ஈடுகொடுக்காது. இறுகி, அணியத்தைப் பிடித்து இழுத்து, படகைக் குறுக்கே திருப்பிவிடும். பக்கத்துப் படகின் மேல் போய்ப் படுப்பது இப்படித்தான். சுக்கான் பிடித்தவர் "விடு, விடு" என்று கத்துவார், அணியத்தில் இருப்பவர் "விட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று கத்துவார், இரண்டும் உண்மை. காற்று இல்லையென்றால் 1 நாட்டில் மெதுவாகப் போய்ச் சமாளிக்கலாம். காற்று இருந்தால் சுழலியின் பிடியைக் கைப்பிடியால் தளர்த்தி, சங்கிலியைத் தன் எடையில் ஓடவிட வேண்டும், வேகம் கூடினால் பிடியைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். விரலும் காலும் சங்கிலியிலிருந்து தள்ளி இருக்கட்டும். இதைப் பழக வேண்டிய இடம் அட்டோகோஸ், மதியம், பார்வையாளர் பன்றிகளாக இருக்கும்போது.

இடைவெளிக்கு நேராக அல்ல, காற்று வரும் பக்கம் கொஞ்சம் ஒதுங்கி நங்கூரத்தைப் பாய்ச்சுங்கள், காற்று தள்ளித் தள்ளி நேராகக் கொண்டுவந்து சேர்க்கும். சுக்கான் சக்கரத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருக்க வேண்டும், பின்னோட்டத்தில் தண்ணீர் சுக்கானைப் படாரென்று ஒரு பக்கம் அடித்துவிடும். சுவருக்கு ஒரு படகு நீளம் இருக்கும்போது சங்கிலியை ஒரு கணம் நிறுத்தினால் அணியம் நேராகும், நங்கூரம் முதல் கடி கடிக்கும். பிறகு மெதுவாக விட்டு, காற்று வரும் பக்கத்துக் கயிறு முதலில் கரைக்குப் போக வேண்டும். குதிக்கக் கூடாது, வீசலாம் அல்லது எட்டும் தூரம் வந்தபின் கால் வைக்கலாம். இரண்டாவது கயிறும் போனதும் சங்கிலியைச் சுழலியால் இறுக்கி, படகைச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி நிறுத்த வேண்டும். பழைய துறைச்சுவர்களின் காலடியில் கல் குவியல் கிடக்கும், சுக்கான் அதற்குத்தான் முதலில் பலி.

அந்த முப்பது வினாடி

இத்தனையும் ஆனதும் படகு கட்டின மாதிரி இருக்கும். எஞ்சினை அணைக்கக் கை போகும். கரையில் யாரோ கைதட்டுவார். உள்ளே யாரோ பனிக்கட்டி எடுக்கப் போய்விட்டார். என்னைக் கேட்டால் முழு நாளும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது.

நங்கூரம் பிடித்ததா என்று யாருக்கும் இன்னும் தெரியாது. பின்கயிறுகள் படகை நிறுத்தி வைத்திருக்கின்றன, சங்கிலி பார்வைக்கு நேராகப் போகிறது, அவ்வளவுதான். தெரிந்துகொள்ள ஒரே வழி பின்கயிறுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, எஞ்சினைப் பின்னோட்டத்தில் போட்டு, நிமிடத்துக்கு 1,500 சுழற்சியிலிருந்து மெல்ல 2,000க்கு ஏற்றி, முப்பது வினாடி வைத்திருப்பது. ஒருவர் அணியத்தில் சங்கிலி மேல் உள்ளங்கையை லேசாக வைக்கட்டும். பிடித்த நங்கூரத்தின் சங்கிலி இறுகி அசையாமல் நிற்கும். இழுபடும் நங்கூரம் சங்கிலி வழியாகக் கடகடவென்று நடுக்கத்தை அனுப்பும், கல்லின் மேல் கட்டை வண்டி போவது போல. பக்கவாட்டில் ஒரு விளக்குக் கம்பத்தையும் அதற்குப் பின்னால் ஒரு வீட்டு மூலையையும் ஒரு கோட்டில் வைத்துப் பாருங்கள், கோடு நகர்ந்தால் படகு நகர்கிறது.

நகர்ந்தால் என்ன செய்வது என்று எல்லோருக்கும் தெரியும். கயிறுகளை அவிழ்த்து, வெளியே போய், நங்கூரத்தைத் தூக்கி, முதலிலிருந்து மறுபடி. பத்து நிமிட வேலை. தெரிந்தும் பலர் செய்வதில்லை. கயிற்றை வாங்கிக் கட்டியவர் முன்னால், கோப்பைக்காரர்கள் முன்னால், "ஆச்சா, ஆச்சா" என்று கேட்கும் நண்பர்கள் முன்னால், "ஆகவில்லை, மறுபடி" என்று சொல்ல வாய் வருவதில்லை. அதனால் சோதனையையே விட்டுவிடுகிறார்கள், சோதிக்காவிட்டால் தோற்கவும் வேண்டாம் அல்லவா. அல்லது சங்கிலியை இன்னும் நாலு மீட்டர் சுருட்டி, இறுகினதுபோல் தெரிவதைப் பிடித்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். அது பிடித்ததல்ல. சேற்றின் மேல் படுத்துக்கொண்டு நம்மை நோக்கி வருகிற நங்கூரமும் கொஞ்ச நேரம் அப்படித்தான் இறுகும்.

நெடுநாள் படகோட்டுகிறவர்கள் இதில் கூச்சமே இல்லாதவர்கள். மூன்றாவது தடவை போட்டுவிட்டும் முகத்தில் சலனம் இல்லாமல் முப்பது வினாடி எண்ணுவார்கள். கூச்சப்படுகிறவர்கள் முதல் வாரக்காரர்கள். ஆகவே காலைக் காபியின்போது சொல்ல வேண்டிய கடைசி வாக்கியம் ஒன்று இருக்கிறது: "இன்றைக்கு நங்கூரம் இரண்டு தடவை போடுவோம்." அப்படித் திட்டத்திலேயே சேர்த்துவிட்டால், முதல் தடவையே பிடித்தால் லாபம். சோதனை செய்யாமல் பனிக்கட்டிப் பெட்டியைத் திறக்கக் கூடாது என்பதும் அதோடு. பிணைத்தொகை பெரும்பாலும் 2,000 யூரோவுக்கு மேல், எட்டுப் பேரும் பங்கு போட்டுக் கட்டியது. அமரம் சுவரில் உரசினால் யார் சங்கிலியைக் குட்டையாக விட்டது என்ற கேள்வி ஊர் திரும்பிய பிறகும் ஓயாது.

இடமே இல்லை, அல்லது காற்று மிஞ்சிவிட்டது என்றால் போக வேறு துறை ஒன்று வேண்டும், அதையும் காலையிலேயே பெயரிட்டு வைக்க வேண்டும். கியோனிக்கு மாற்று, தெற்கே இதாகாவின் வாத்தி. நாலு பக்கமும் மலை சூழ்ந்த பெரிய குடா, சேற்றுத் தரை, நங்கூரம் நன்றாகக் கடிக்கும், சுவர் இல்லாமலே நடுவில் நிற்கலாம். பிற்பகலில் அங்கும் காற்று உள்ளே சீறும், ஆனால் இடம் தாராளம். தெரியாத இடுக்கில் நாலரை மணிக்கு நுழைவதைவிட ஒரு மணி நேரம் கூட ஓடுவது மேல்.

மைஸ்த்ரோ சூரியனோடு இறங்கிப் போனதும் எல்லா நங்கூரமும் ஒரே மாதிரித் தெரியும், பிடித்ததும் பிடிக்காததும். வித்தியாசம் தெரிவது நள்ளிரவுக்குப் பிறகு. உயரமான தீவுகளில், கலமோஸ் துறை அதற்குப் பேர்போனது, குளிர்ந்த காற்று சில இரவுகளில் மலையிலிருந்து திடீரென்று உருண்டு இறங்கும். செப்டம்பர், அக்டோபரில் இடிமழையும் சேர்ந்துகொள்ளும். அப்போது பக்கத்துப் படகுகளின் எடையும் நம் சங்கிலி மேல் விழும். படுக்கப் போகும் முன் சங்கிலிக்கு ஒரு கொக்கியும் கயிறும் போட்டு எடையைச் சுழலியிலிருந்து கிளீட்டுக்கு மாற்றுங்கள், சுழலி எடை தாங்கச் செய்ததல்ல. கரைக்குப் போட்ட பலகையைத் தூக்கி வையுங்கள், பெரிய படகு ஒன்று கடந்தால் அதன் அலையில் பலகை சுவருக்கும் படகுக்கும் நடுவே நொறுங்கும். எஞ்சின் சாவி எங்கே தொங்குகிறது என்பது எட்டுப் பேருக்கும் தெரிந்திருக்கட்டும்.

காலையில் கிளம்பும்போது உங்கள் சங்கிலி மேல் இன்னொருவருடையது கிடக்கும். நாலரைக்கு வந்த யாரோ குறுக்கே போட்டிருப்பார். கோபத்துக்கு அவசியமில்லை, கயிறு ஒன்று போதும். உங்கள் நங்கூரத்தை அவர் சங்கிலியோடு தண்ணீர் மட்டம் வரை தூக்குங்கள். சுழலி முனகினால் நிறுத்தி நிறுத்தி. அவர் சங்கிலிக்கு அடியில் ஒரு கயிற்றை நுழைத்து இரண்டு முனையையும் உங்கள் அணியக் கிளீட்டில் கட்டுங்கள், இப்போது அவர் சங்கிலியின் எடை அந்தக் கயிற்றில். உங்கள் நங்கூரத்தை ஒரு மீட்டர் கீழே இறக்கினால் அது தானாகக் கழன்று தொங்கும். படகைச் சற்றே பின்னால் எடுத்து, நங்கூரத்தை மேலே ஏற்றிவிட்டு, கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்துவிடுங்கள். கையை மட்டும் எந்த நிலையிலும் இரண்டு சங்கிலிக்கும் நடுவே கொண்டுபோகாதீர்கள். அவர் அமரத்தில் காபியோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பார், அவருடைய சங்கிலி இப்போது தளர்ந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போங்கள், மறுபடி இறுக்கிக்கொள்ளட்டும். அணியத்தில் இருப்பவர் சங்கிலியில் ஒட்டியிருக்கும் கறுப்புச் சேற்றை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவட்டும். பெட்டிக்குள் அப்படியே போனால் மத்தியான வெயிலில் முன்னறையில் படுப்பவருக்கு அந்த நாற்றம் தாங்காது.